ஏற்றியவர் இறக்கக் கூடாது

1

நான் ஜப்பானுக்கு வந்து பத்து வருடம் ஆனதற்குக் கம்பெனியில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பத்து வருடம் தாக்குப்பிடித்த எல்லோருக்கும் கொடுப்பதுதான். நடுவில் கம்பெனியின் சின்னம் பளபளவென்று இருக்கும். கொடுத்த அதிகாரி, கடிகாரத்தை நீட்டுவதற்கு முன்னால் அந்தச் சின்னத்தையே ஒரு கணம் பார்த்தார். அவர் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அன்று காலைச் செய்தியில்தான், எங்கள் கார் கம்பெனியும் எதிர்க் கார் கம்பெனியும் ஒன்றாக இணைந்துவிடப் பேசிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் இந்தச் சின்னம் இருக்குமா என்று அவருக்கே தெரியாது.

கம்பெனிகளின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டுக்கும் காலம் சரியில்லை. மின்சார வண்டி செய்யப் பெரும் செலவு ஆகிறது. செய்து கடைக்குக் கொண்டு வருவதற்குள் வேறு யாரோ பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஐம்பது வருடத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டார், ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் பண்ணலாமா என்று யோசிக்கிறார்கள். நான் வேலை செய்வது பிரேக் சோதிக்கும் பிரிவில். எதிர்க் கம்பெனியிலும் ஒரு பிரேக் பிரிவு இருக்கிறது. கல்யாணம் நடந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு அம்மிக்கல் எதற்கு என்று கேட்பார்கள் இல்லையா, அந்த அம்மிக்கல் நான்.

நம் ஊராக இருந்தால் அன்றைக்குக் கேன்டீன் இரண்டுபட்டிருக்கும். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் மொரி, "இன்றைக்கு மீன் நன்றாக இருக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். அவர் நிலைகுலைந்து போயிருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது.

2

அன்று சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து காதர் அண்ணன் போனில் வந்தான்.

"ஏங்கண்ணு, உங்க கம்பெனிய எதிராளி கம்பெனியோட சேக்கறாங்களாமே?"

"பேசிட்டு இருக்கறாங்க அண்ணே. உனக்கு யாரு சொன்னா?"

"முருகேசன்தான் சொன்னாப்பல."

முருகேசன் என் அண்ணனோடு பேசினார் என்பது, இரண்டு கார் கம்பெனிகள் பேசியதைவிடப் பெரிய செய்தி.

அண்ணன் இரண்டு சுற்றுலா வேன் வைத்திருக்கிறான். வேனில் 'காதர் வேன் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். மலை மேலேயே இருக்கும் தலைச்சோலை ஊர்க்காரரான முருகேசனும் இரண்டு வேன் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர்கள். இரண்டு பேரும் ஒரே வருடம் தொழிலுக்கு வந்தவர்கள், ஏரிக்கரையில் ஒரே ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர்கள், வாங்கியதும் ஒரே மாடல் வேன். அண்ணன் சீட்டுக்குப் புது உறை போட்டால், அடுத்த வாரம் அவர் பாட்டுப் பெட்டி மாற்றுவார். அவர் கிளியூர் அருவிக்கும் சேர்த்து ஒரே வாடகை என்றால், இவன் பக்கோடா பாயிண்டையும் சேர்த்துக்கொள்வான். சண்டையும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துச் சண்டை. "போங்க நீங்க, உங்க வண்டில எவனுங்க ஏறுவான்" என்று மரியாதை குறையாமல்தான் திட்டிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இரண்டு பேரும் நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இப்போது இரண்டு பேருக்கும் வண்டி நிற்கிறது. வருகிறவர்கள் சொந்தக் காரில் வருகிறார்கள். இல்லாவிட்டால் சேலத்திலிருந்தே போனில் டாக்ஸி பிடித்து ஏறிவிடுகிறார்கள். ஒரு வேன் ஓடினால் ஒரு வேன் தூங்குகிறது.

"இந்த சீசன் பாப்பேன் கண்ணு. சரிப்படலீன்னா வண்டியக் குடுத்துட்டு சேலத்துல ஸ்கூல் பஸ் ஓட்டப் போயிருவேன். கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க" என்றான் அண்ணன்.

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. காதர் அண்ணன் யாரிடமும் கைகட்டி நிற்கத் தெரியாதவன். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து போனவன். சமவெளியில் இன்னொருவர் பஸ்ஸை, இன்னொருவர் சொன்ன நேரத்துக்கு அவன் ஓட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அதுக்குத்தான் முருகேசன் கேக்கறாப்பல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துரலாமான்னு. கார் கம்பெனிக்காரங்களே சேரறப்போ நமக்கென்னங்கறாப்பல. நீதான் கார் கம்பெனில இருக்கறே, நீயே ஒரு வழி சொல்லு சாமி."

3

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருடமாக மொரிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் அவர் என்னிடம் வழி கேட்டதில்லை. அந்த வார இறுதி முழுக்க உட்கார்ந்து படம் போட்டுத் திட்டம் தயாரித்தேன். நான்கு வேன், ஒரே கம்பெனி, ஒரே போன் நம்பர், ஒரே நிறம், ஒரே பெயர். அம்பு போட்டு, வட்டம் போட்டு, கட்டம் போட்டு அனுப்பினேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கலர் நொம்ப நல்லா இருக்குது" என்றான்.

ஒரே பெயர் என்ற இடத்தில் வண்டி நின்றது. யார் பெயர் முதலில்? 'காதர் முருகேசன்' என்று பலகை எழுதக் கொடுத்தார்கள். முருகேசன் முகம் சுருங்கியது. 'முருகேசன் காதர்' என்றால் அண்ணன் முகம் சுருங்கியது. பலகை எழுதுகிறவர், "எப்பிடி எழுதுனாலும் ஒரே ஆளு பேராட்டத்தானுங்க இருக்குது" என்று வேறு சொல்லிவிட்டார். ஊர்ப் பெயரை வைக்கலாமே என்றேன். என் பெயர் இல்லாத வண்டியை எதற்கு ஓட்டுவது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் முழு இணைப்பு ஏற்பட்டது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

என் மகள் ஆயிஷாவுக்குப் பதினொரு வயது. அவள் பேசும் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைத் திருப்பி வாசலைப் பார்த்து வைப்பாள். ஏற்காட்டுக்குப் போனபோது பள்ளிவாசல் வெளியே கிடந்த அத்தனை செருப்பையும் அப்படித் திருப்பி வைத்து, தொழுதுவிட்டு வந்தவர்களைத் திணற அடித்தவள். அவளுக்கு இந்தப் பெயர்ச் சண்டை விளங்கவே இல்லை. இங்கே பிள்ளைகள் எதற்கும் கல், காகிதம், கத்தரி என்று கையை நீட்டி முடிவு செய்துவிடுவார்கள். கடைசித் துண்டு கேக் முதல் வகுப்புத் தலைவர் வரை அப்படித்தான்.

"மாமா, நீங்களும் செய்யுங்கள்" என்று வீடியோவில் சொல்லிக்கொடுத்தாள். விரல் மடக்கினால் கல், விரித்தால் காகிதம், இரண்டு விரல் கத்தரி. கல் கத்தரியை உடைக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லை மூடி ஜெயித்துவிடும்.

ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். கல்லும் கல்லும். மறுபடி. கல்லும் கல்லும். எத்தனை தடவை செய்தாலும் இரண்டு பேரும் கல்லைத்தான் நீட்டினார்கள். ஒருவரும் கையை விரிக்கவில்லை.

"அம்மா, இவர்களுக்கு விளையாடத் தெரியவில்லை" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஆயிஷா போய்விட்டாள். அத்தோடு அவர்களுக்குள் பேச்சும் நின்றுபோனது.

4

எங்கள் கம்பெனியிலும் அதே வாரம் அதேதான் நடந்தது என்று கேள்வி. யார் தலைமை, யார் துணை என்பதில் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாறு மாடிக் கட்டடம், வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எல்லாம் இருந்தும் நீட்டியது கல்தான்.

பிரேக் சோதிக்க நாங்கள் ஒரு மலைப்பாதைக்குப் போவோம். வளைவு வளைவாக இறங்கும் பாதை. அங்கே இருக்கும்போது மட்டும் இந்த நாடு எனக்குச் சொந்த நாடு. எதிர்க் கம்பெனியின் பிரேக் ஆட்களும் அதே மலைக்குத்தான் வருவார்கள். வேறு நல்ல மலை பக்கத்தில் இல்லை. எதிரே அவர்கள் வண்டி வந்தால் பார்க்காதது மாதிரி தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் ஒரு நூடுல்ஸ் கடை. எனக்கென்று காய்கறி மட்டும் போட்டுத் தரும் அளவுக்குப் பழகிய அம்மாள் நடத்துகிறார். அங்கே நாங்கள் ஜன்னல் ஓரம், அவர்கள் சுவர் ஓரம். பத்து வருடமாக இதுதான் ஏற்பாடு.

இணைப்புச் செய்தி வந்த பிறகு நாங்கள் போன முதல் நாள், அந்த அம்மாள் இரண்டு மேசைகளையும் நடுவே இழுத்து ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார். அவருக்குச் சந்தோஷம். நாங்கள் உள்ளே நுழைகிறோம், பின்னாலேயே அவர்கள் நுழைகிறார்கள். எட்டுப் பேரும் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டு, திரும்பவும் குனிந்துவிட்டு எழுந்து போனோம். அவ்வளவு சீக்கிரம் நூடுல்ஸ் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஊர் மரியாதையைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வந்த புதிதில் இந்திய ஓட்டுநர் உரிமத்தை மாற்றப் போனேன். உரிமத்தை மொழிபெயர்த்து வா என்றார்கள். வாங்கிய பிறகு அந்த நாட்டிலேயே சில மாதம் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். அங்கேயே பிறந்தேன் என்றால் அது ஆதாரம் ஆகாதாம். எல்லாம் முடிந்து ஓட்டிக் காட்டச் சொன்னபோது, திருப்பத்தில் என் கை தானாக ஹாரனுக்குப் போய்விட்டது. நம் மலையில் வளைவில் ஹாரன் அடிக்காதவன் மனிதனே இல்லை. நான் வருகிறேன், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது அது. தேர்வாளர் பக்கத்து சீட்டில் துள்ளி விழுந்தார். தோல்வி. அடுத்த தடவையும் அதே திருப்பம், அதே ஹாரன், அதே தேர்வாளர். மூன்றாம் தடவை இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக ஓட்டி வாங்கினேன்.

5

சீசனுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஈரோட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் அண்ணன் வேனில் ஏற்காடு பார்க்கக் கிளம்பினார்கள். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் தீய்ந்து வண்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பட்டுச்சேலைக்காரர்களோடு அண்ணன் ரோட்டில் நின்றான். கீழே இருந்து ஹாரன் கேட்டது. முருகேசனின் வேன், காலியாக.

வார்த்தையே பேசவில்லையாம். முருகேசன் இறங்கினார், வேன் கதவைத் திறந்துவிட்டார், எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டார். பிறகு தலைச்சோலையில் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த கிளட்ச் பிளேட்டையும் ஒரு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு திரும்ப இறங்கி வந்து, அண்ணனுடைய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

வேலை நினைத்ததைவிட நீண்டது. மெக்கானிக்கை அங்கே விட்டுவிட்டு, கல்யாண வீட்டாருக்குச் சேதி சொல்ல முருகேசன் மேலே போனார். கல்யாண வீட்டார் படகு ஓட்டி, மிளகாய் பஜ்ஜி தின்று, களைத்துப்போய் வேனுக்குக் காத்திருந்தார்கள். சேதி சொல்லிவிட்டு, சவாரி பிடிக்க முருகேசன் காலி வண்டியோடு சேலத்துக்குக் கிளம்புவதைப் பார்த்துவிட்டார்கள்.

"காலியாத்தானே போறீங்க? எங்களைக் கீழ எறக்கி உட்டுருங்க, காசு தர்றோம்" என்றார் பெண்ணின் பெரியப்பா.

"இல்லீங்க. நீங்க காதர் பாய் பார்ட்டிங்க."

"ஏத்திட்டு வந்தது நீங்கதானே?"

"அதனாலதானுங்க. ஏத்துனவங்க எறக்கக் கூடாதுங்க."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன ஊர், என்ன சட்டம் என்று சத்தம் போட்டார். முருகேசன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இருட்டும் நேரத்தில் அண்ணனின் வேன் மேலே வந்து அவர்களை இறக்கிக் கூட்டிப் போனது.

ஏரிக்கரை ஸ்டாண்டில் இது எப்போதும் உள்ள வழக்கம். மலைப்பாதையில் ஒருவன் வண்டி நின்றால், அடுத்து வருகிறவன், எதிரியாக இருந்தாலும், அவன் ஆட்களை ஏற்றி மேலே சேர்க்க வேண்டும். அதற்குக் காசு கேட்கக் கூடாது. நாளைக்கு இவன் வண்டி நிற்கும்போது அவன் ஏற்றுவான். ஆனால் ஏற்றியவன் இறக்கக் கூடாது. இறக்கினால் பார்ட்டி அவனுக்குப் பழகிவிடும். உதவி என்று ஆரம்பித்தது தொழிலைப் பிடுங்குவதில் முடியும். அதனால் திரும்பும் வழி எப்போதும் வண்டி நின்றுபோனவனுக்குத்தான்.

நான் அதே ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எங்கள் மளிகைக் கடையில் வளர்ந்தவள். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அம்பும் வட்டமும் போட்டபோது இது ஞாபகத்துக்கே வரவில்லை. இதை ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன், தொழில் செய்யும் முறை என்று நினைக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் பெயரோடு இருந்துகொண்டே ஒருவரையொருவர் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி அந்த மலையில் ஏற்கெனவே இருந்தது.

மறுநாள் போன் செய்தபோது நான் திட்டம் எதுவும் அனுப்பவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே மாடல் வண்டிதானே? எதுக்கு ஆளுக்கொரு கிளட்ச் வாங்கி வச்சிருக்கறீங்க?"

"அதத்தான் நேத்து அந்த வளைவுல நின்னுட்டு நானும் முருகேசனும் பேசிட்டு இருந்தம்" என்றான் அண்ணன்.

6

பலகை இரண்டும் அப்படியே இருக்கிறது. உதிரி சாமான் மட்டும் ஒரே அலமாரியில், எங்கள் மளிகைக் கடையின் பின்னால். மெக்கானிக்கும் இரண்டு பேருக்கும் ஒருவர்தான். முன்பெல்லாம் முப்பது பேர் கொண்ட கூட்டம் வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வேன் தூங்க வைத்துக்கொண்டு, "பெரிய பஸ்ஸாப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது ஒரு காதர் வேன், ஒரு முருகேசன் வேன் என்று முன்னும் பின்னுமாக மலை ஏறுகின்றன. மாரமங்கலம் பக்கம் காபித் தோட்டம் பார்க்க வரும் காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இப்போது இவர்கள் வண்டியில்தான். எந்த வண்டி முன்னால் போவது என்று தினமும் தகராறு நடக்கிறது. நடக்கட்டும். கோடை விழா வந்தது, போனது. வேனை விற்கும் பேச்சை அண்ணன் பிறகு எடுக்கவில்லை. ஸ்கூல் பஸ்காரர் மறுபடி கேட்டதற்கு, "மலையில நொம்ப வேலைங்க" என்று சொன்னானாம். அதைக் கேட்டுவிட்டு, குளியலறையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

எங்கள் கம்பெனிக்காரர்களும் இணைப்பைக் கைவிட்டுவிட்டார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி போகவில்லை. அதற்குப் பதிலாகச் சில பாகங்களை மட்டும் சேர்ந்து செய்வது என்று முடிவு. அந்தச் சில பாகங்களில் பிரேக்கும் ஒன்று. இரண்டு பிரிவும் இருக்கும், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதில் எங்கே யார் ஏமாறப்போகிறார்களோ, வேறு யார் வேலை போகுமோ, எனக்குத் தெரியாது. கூட்டணி என்று சொல்லிவிட்டு ஆளை விழுங்கிய கதைகளும் கார் உலகத்தில் உண்டு. மேலே ஏற்ற ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இறங்கும் வழியை விட்டுக்கொடுக்கிறவரோடு சேர்ந்தால் பிழைக்கலாம் என்பதுதான் இப்போதைக்கு என் கட்சி. மொரியிடம் முருகேசன் கதையோடு இதை என் ஓட்டை ஜப்பானிய மொழியில் விளக்கினேன். அவர், "காலி வண்டியிலா போனார்?" என்று கேட்டார்.

"ஆமாம், காலியாகத்தான்."

"டீயும் வாங்கிக் கொடுத்தாரா?"

"ஆமாம்."

அன்று அவர் மீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நூடுல்ஸ் கடை அம்மாளும் மேசைகளைப் பிரித்துவிட்டார். ஆனால் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார். இரண்டு மேசைக்கும் மிளகாய்த்தூள் ஜாடி ஒன்றுதான். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறேன். எதிர்க் கம்பெனிக்காரர் ஒருவர் போன வாரம் ஜாடியை என்னிடம் நீட்டி, "இந்தியாவில் இதைவிடக் காரமா?" என்று கேட்டார். பத்து வருடத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

7

நேற்று அண்ணன் வீடியோவில் வந்தான். வண்டி அடிவாரத்தில் டீக்கு நின்றிருந்தது. அவன் முகத்துக்குப் பின்னால் தெரிந்த வண்டி எனக்கு வேறாகப் பட்டது. ஸ்டியரிங்குக்கு மேலே விபூதிப் பொட்டலமும் முருகன் படமும் இருந்தன.

"அண்ணே, நீ யாரு வண்டில உக்காந்திருக்கறே?"

"முருகேசனுக்குக் காச்சல் கண்ணு. அவுரு பார்ட்டிய நான் ஏத்திட்டுப் போறேன்."

"சரி, ஏத்திட்டே. எறக்கறது?"

"அவுருதான் எறக்கணும். பார்ட்டி மேல தங்கறாங்க, நாளன்னிக்குத்தான் கெளம்பறாங்க. அதுக்குள்ள தேறிக்குவாப்பல."

"தேறலீன்னா?"

அண்ணன் போனைத் திருப்பினான். வேனின் கடைசி சீட்டில், பயணிகளுக்கு நடுவே, காதுவரை போர்வையும் தலைக்கு மப்ளருமாக முருகேசன் உட்கார்ந்திருந்தார். கையில் கஞ்சித் தூக்கு.

"ஏனுங்க தங்கச்சி, சௌக்கியமுங்களா?" என்றார், பாதிக் குரலில்.

"காச்சலோட எங்கண்ணே கெளம்பீட்டீங்க? ஊட்டுல படுக்கலாமில்ல?"

"எப்படிங்க படுக்கறது?" என்றார் முருகேசன். "நான் கூட வரலீன்னா, ஏத்துனவரு உங்க அண்ணன்னு ஆயிருமுங்க. அப்பறம் நான் தேறலீன்னாலும் அவுரு எறக்க மாட்டாப்பலயே."